பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டுவது யார்? எஸ்இலினக்ஸ் நெட்வொர்க் லேபிள்கள் மீது ஒரு விமர்சனம்

2019 அக்டோபர் 29-ஆம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்தின் சார்பில் ஒரு மறுப்பு அறிக்கை வந்தது. நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து நிற்பவை, வெளி நெட்வொர்க்கோடோ இணையத்தோடோ தொடர்பில்லாதவை, அதனால் அவற்றின் மேல் சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை என்பது அதன் சாரம். மறுநாள் இந்திய அணுமின் கழகம் இன்னொரு அறிக்கை விட்டது. தீநிரல் இருந்தது உண்மைதான். செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் அமைப்பு தகவல் சொல்லிவிட்டது. பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனரின் கணினி. அந்த நெட்வொர்க் முக்கியமான உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டது.

இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண் என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, இரண்டும் ஒரே வாதத்தின் மேல் நிற்பதுதான். "வயர் தனி, அதனால் பயமில்லை." மறுப்பிலும் அதே வாதம், ஒப்புக்கொண்டதிலும் அதே வாதம். அந்தத் தீநிரல் டிட்ராக் வகையைச் சேர்ந்தது. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்த மாதிரியில் கூடங்குளத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயரோடு சேர்ந்த நிர்வாகி கணக்கும், ஒரு உள் நெட்வொர்க் முகவரியும் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. அதாவது அந்த நிரலை எழுதியவருக்கு அந்த நெட்வொர்க்கின் உள்ளே யார் யாரை நம்புகிறார்கள் என்று முன்பே தெரியும். வயர் பிரிந்திருந்தது சரி. வயருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்குள் என்ன பிரிவு இருந்தது?

மூன்று வருடம் கழித்து இதே வாதத்தின் மறுபக்கம் வந்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. அடுத்த ஆண்டு மாநிலங்களவையில் அரசு கொடுத்த பதிலில் ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே வழி கொடுத்தது என்று இருந்தது. ஒரு இடத்தில் "பிரித்திருக்கிறோம், அதனால் தப்பித்தோம்". இன்னொரு இடத்தில் "பிரிக்கவில்லை, அதனால் மாட்டினோம்". இரண்டிலும் வயர்தான் கதாநாயகன்.

இந்தப் பதிவு வயருக்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. ஒரு பாக்கெட் எந்த வயரில் வந்தது என்று மட்டும் பார்க்காமல், எந்த புராசஸ் அதை அனுப்பியது, எந்த புராசஸ் வாங்கலாம் என்று சர்வரின் கர்னலே பார்க்கும்படி செய்யலாமா? செய்யலாம். லினக்ஸில் அதற்கான வசதி 2006-லிருந்து இருக்கிறது. கிட்டத்தட்ட யாரும் பயன்படுத்துவதில்லை. ஏன் என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில் "அது ரொம்பக் கஷ்டம்" என்பது. அது பாதி உண்மை. மீதிப் பாதி வடிவமைப்பில் இருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

சாதாரண லினக்ஸில் ஒரு கோப்பை யார் படிக்கலாம் என்று கோப்பின் சொந்தக்காரர் முடிவு செய்கிறார். ரூட் என்றால் எல்லாமே திறந்த வீடு. கட்டாய அணுகல் கட்டுப்பாட்டில் அந்த முடிவு சொந்தக்காரர் கையில் இல்லை. அமைப்பு முழுவதற்கும் ஒரு பாலிசி. கர்னல் அதை அமல்படுத்தும். ரூட்டாக ஓடும் புராசஸும் அதற்குக் கட்டுப்பட்டது. இதன் வேர் 1973-ல் பெல், லாபடுலா இருவரும் அமெரிக்க விமானப்படைக்காக எழுதிய மாதிரி. எஸ்இலினக்ஸை என்எஸ்ஏ 2000 டிசம்பரில் வெளியிட்டது; 2003-ல் 2.6 கர்னலோடு அது அதிகாரபூர்வமாக உள்ளே வந்தது.

எஸ்இலினக்ஸில் எல்லாவற்றுக்கும் ஒரு லேபிள் உண்டு. புராசஸுக்கு உண்டு, கோப்புக்கு உண்டு, சாக்கெட்டுக்கும் உண்டு. கோப்பின் லேபிள் டிஸ்கில் அந்தக் கோப்போடவே உட்கார்ந்திருக்கும். கோப்பு வீட்டுக்காரர் மாதிரி. கதவிலேயே பெயர்ப்பலகை இருக்கும். பாக்கெட் அப்படியா? அது வழிப்போக்கன். எங்கிருந்தோ வருகிறது, நம் கர்னலுக்குத் தெரியாத இன்னொரு கர்னல் அதை அனுப்பியிருக்கிறது. அதன் லேபிளை எங்கே எழுதுவது, யார் எழுதுவது, எழுதியதை யார் நம்புவது? இந்த மூன்று கேள்விக்கும் லினக்ஸ் 2006-ஆம் ஆண்டிலேயே மூன்று தனித்தனி பதில்களைக் கொடுத்தது. மார்ச்சில் வந்த 2.6.16-ல் லேபிள் ஒட்டிய ஐபிசெக். செப்டம்பரில் 2.6.18-ல் ஜேம்ஸ் மோரிஸின் செக்மார்க். நவம்பரில் 2.6.19-ல் பால் மூரின் நெட்லேபிள்.

ஒரே வருஷத்தில் மூன்றும் வந்தது தற்செயல் இல்லை. அப்போது ரெட் ஹேட் 5 பதிப்புக்கு, ராணுவ பாணி லேபிள் பாதுகாப்புக்கான சான்றிதழ் வாங்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2007 ஜூனில் ஐபிஎம் இயந்திரங்களின் மேல் அது கிடைத்தது. அந்தச் சான்றிதழ் விதிகளில் வெளியே போகும் தரவுக்கும் லேபிள் இருக்க வேண்டும் என்பது ஒன்று. பரீட்சைக்குப் படித்த பாடம் என்று இதைச் சொல்லலாம். பாடம் தப்பில்லை; ஆனால் பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

மில் கேட், பால்கோவா பெட்டி, ஆண்டாள் மாலை

இந்த மூன்றுக்கும் வித்தியாசம் புரிய எங்கள் பக்கத்து உதாரணங்களே போதும்.

ராஜபாளையத்தில் எந்த நூற்பாலைக்குப் போனாலும் கேட்டில் ஒரு பாஸ் போட்டுக் கொடுப்பார்கள். பஞ்சு லாரி வரும் கேட்டில் வந்தால் ஒரு பாஸ், ஆபீஸ் கேட்டில் வந்தால் வேறு பாஸ். நீங்கள் யார் என்று கேட்காரருக்குத் தெரியாது. எந்த வழியாக வந்தீர்கள் என்று தெரியும். வெளியே போகும்போது பாஸைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். செக்மார்க் இதுதான். ஃபயர்வால் விதியில் முகவரி, போர்ட், எந்த நெட்வொர்க் கார்டு வழியாக வந்தது ஆகியவற்றைப் பார்த்து, கர்னலுக்குள் பாக்கெட்டின் மேல் 32 பிட் எண் ஒன்று குத்தப்படும். அந்த எண்ணுக்கான லேபிளை இந்த புராசஸ் வாங்கலாமா, அனுப்பலாமா என்று பாலிசி சொல்லும். இயந்திரத்தை விட்டு பாக்கெட் வெளியே போனால் அந்த எண் போய்விடும்.

அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும், எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று அச்சிட்ட பெட்டி கிடைக்கும். பெட்டியில் எழுதியிருக்கிறது, சரி. எழுதியது யார்? நெட்லேபிள் பயன்படுத்தும் சிப்ஸோ முறை இந்தப் பெட்டி மாதிரி. ஐபி தலைப்பில் 134 என்ற எண்ணுள்ள ஒரு விருப்பப் பகுதியில் லேபிளை அச்சடித்து அனுப்புகிறார்கள். கையெழுத்து கிடையாது, மறையாக்கம் கிடையாது. நடுவில் யாரும் அழித்து வேறு எழுதலாம்.

மூன்றாவது ஆண்டாள் மாலை. திருமலை பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாலை போகும். அந்த மாலையின் மேல் யாரும் சீட்டு ஒட்டுவதில்லை. கோயிலில் இருந்து முறைப்படி யார் எடுத்து வருகிறார்களோ, அந்த வருகைதான் அடையாளம். லேபிள் ஒட்டிய ஐபிசெக் இந்த வகை. பாக்கெட்டில் லேபிள் எழுதியிருக்காது. இரண்டு முனைகளும் சாவி பரிமாறிக்கொள்ளும்போதே "இந்தக் குழாய் இந்த லேபிளுக்கு" என்று பேசி முடித்துவிடும். எந்தக் குழாயில் வந்ததோ அதுவே லேபிள். டிரென்ட் ஜேகரும் சக ஆய்வாளர்களும் 2006-ல் எழுதிய கட்டுரையின் அடிப்படை இது.

வந்த வழி, சொல்லிக்கொள்வது, கூட்டி வந்தவர். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். எஸ்இலினக்ஸ் ஆவணங்கள் இவற்றை ஒரே தலைப்பின் கீழ் "நெட்வொர்க் லேபிளிங்" என்று வரிசையாக அடுக்குவதுதான் முதல் குழப்பம். படிப்பவர் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறார்.

40 பைட்டுக்குள் அடங்காத லேபிள்

சிப்ஸோவை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐபி தலைப்பின் நீளம் அதிகபட்சம் 60 பைட். அதில் 20 கட்டாயம். மீதி 40-க்குள்தான் எல்லா விருப்பப் பகுதியும். சிப்ஸோவின் முகப்புக்கு 6 பைட் போனால் 34. உள்ளே இருக்கும் குறிச்சொல்லின் முகப்புக்கு 4 போனால் 30. முப்பது பைட் என்றால் 240 பிட், அதாவது பிட் வரைபட முறையில் 240 வகைகள். எஸ்இலினக்ஸின் வழக்கமான பாலிசியில் வகைகள் 1024. பட்டியல் முறையில் அனுப்பினால் எந்த எண்ணையும் அனுப்பலாம், ஆனால் 15-க்கு மேல் போகாது.

கன்டெய்னர்களுக்கு இது போதும் என்று ஒருவர் வாதிடலாம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 1024-ல் இரண்டு வகைகளை எடுத்து ஜோடி போடுகிறார்கள். அப்படி 5,23,776 ஜோடிகள் வரும். இரண்டு எண்ணை அனுப்ப இடம் தாராளம். உண்மைதான். பிரச்சனை எண்ணிக்கையில் இல்லை, எதை அனுப்புகிறோம் என்பதில் இருக்கிறது. சிப்ஸோ அனுப்புவது ரகசிய நிலையும் வகையும் மட்டும். எஸ்இலினக்ஸின் உயிர்நாடியான டைப், அதாவது இது வெப் சர்வரா, டேட்டாபேஸா, பேக்கப் நிரலா என்ற தகவல், போகவே போகாது. மறுமுனையில் சிப்ஸோ வழியாக வந்த எல்லாருக்கும் பாலிசியில் ஒரே பொது டைப். ஊரிலிருந்து வந்த எல்லாரையும் "ஊர்க்காரர்" என்று எழுதிக்கொள்வது போல.

இதே 40 பைட்டை வைத்துக்கொண்டு வேறொருவர் வேறு மாதிரி செய்தார் என்பதால்தான் இதைக் குறை என்று சொல்கிறேன். 2008-ல் 2.6.25 கர்னலில் வந்த கேஸி ஷாஃப்லரின் ஸ்மாக், 23 எழுத்து வரையுள்ள தன் லேபிளை அந்த வகை பிட்டுகளுக்குள்ளேயே நேரடியாகத் திணித்து அனுப்புகிறது. மறுமுனையில் அதே பெயர் அப்படியே கிடைக்கும். லேபிள் எளிமையாக இருந்தால் பயணம் செய்யும் என்பதற்கு இது சாட்சி. எஸ்இலினக்ஸ் லேபிள் நான்கு பகுதி கொண்ட நீளமான சரம்; முழு லேபிளை நெட்லேபிள் அனுப்புவது ஒரே இயந்திரத்துக்குள், லூப்பேக்கில் மட்டும். வீட்டுக்குள் முழுப்பெயர், வாசல் தாண்டினால் இனிஷியல்.

சிப்ஸோ வரைவு 1992-ல் நின்றது. ஆர்எஃப்சி ஆகவே இல்லை. ஐபிவி6-க்கான காலிப்ஸோ 2009-ல் ஆர்எஃப்சி 5570 ஆனது, அதுவும் நம்பகமான மூடிய நெட்வொர்க்குக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. ஆக, லேபிளை நம்புவதற்கு முதலில் வயர் தனியாக இருக்க வேண்டும்! கூடங்குளம் அறிக்கையிலிருந்து கிளம்பி ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டோம்.

ரகசியமா, நம்பகமா?

என் முக்கியமான குற்றச்சாட்டு இனிமேல்தான்.

பெல்-லாபடுலா மாதிரி ரகசியத்தைக் காக்கப் பிறந்தது. கீழ் நிலையில் இருப்பவர் மேல் நிலையைப் படிக்கக் கூடாது. மேல் நிலையில் இருப்பவர் கீழ் நிலையில் எழுதக் கூடாது. தகவல் கீழிருந்து மேலே மட்டும் போகும். நம் அரசு அலுவலகங்களில் மிக ரகசியம், ரகசியம், அந்தரங்கம், கட்டுப்படுத்தப்பட்டது என்று நான்கு நிலை வைத்திருப்பதற்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஆனால் ஒரு அணு உலைக்கோ, ஒரு மில்லுக்கோ தேவை அதுவா? ராஜபாளையம் மில்லில் ரிங் ஃபிரேம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் அந்தக் கணக்கு ஆபீசுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் ஆபீஸ் கணினியில் இருந்து எதுவும் மெஷின் பக்கம் போகக் கூடாது. பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அங்கே லாட் எண்ணும் தயாரிப்புத் தேதியும் வெளியே தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வெளியிலிருந்து யாராவது மாற்றினால்தான் ஆபத்து, ஏனென்றால் அந்தத் துணி போய்ச் சேருவது ஒரு புண்ணின் மேல். இங்கே காக்க வேண்டியது நம்பகத்தன்மை. அதற்கான மாதிரியை பிபா 1977-லேயே எழுதிவிட்டார்: நம்பகம் குறைந்தது நம்பகம் கூடியதில் எழுதக் கூடாது.

இப்போது மில்லை பெல்-லாபடுலாவில் போட்டுப் பாருங்கள். மெஷின் ஹால் முக்கியம் என்று அதற்கு உயர்ந்த நிலை கொடுத்தால், ஆபீஸ் மெஷினுக்கு எழுதலாம், மெஷின் ஆபீசுக்கு எழுத முடியாது என்று வரும். நமக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ். சரி, தலைகீழாகவே மாற்றி மெஷின் ஹாலுக்கு மிகத் தாழ்ந்த ரகசிய நிலை கொடுத்தால் கணக்கு சரியாக வரும். காகிதத்தில் வரும். நடைமுறையில், இருப்பதிலேயே உயிரான கருவிக்கு "தாழ்ந்தது" என்று லேபிள் ஒட்டி, அதைப் பராமரிக்க வரும் அடுத்த ஆளுக்கு அதற்கு விளக்கமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஒருவர் "இது தப்பாப் போட்டிருக்கு" என்று திருத்திவிடுவார்.

இன்னொரு முட்டுக்கட்டை டிசிபி. ஒரு பாக்கெட் போனால் "வந்தது" என்று பதில் வர வேண்டும். ஒருவழிப் போக்கைக் கண்டிப்பாக அமல்படுத்தினால் அந்தப் பதிலே தடைப்படும். இணைப்பு உருவாகவே உருவாகாது. அதனால்தான் உண்மையான ஒருவழிப் பாதை வேண்டிய இடங்களில் டேட்டா டயோடு என்ற தனிக் கருவி வைத்து யுடிபி-யில் அனுப்புகிறார்கள். லேபிள் பாலிசியில் இதைச் செய்யப் போனால் விதிவிலக்கு கொடுக்க வேண்டும். விதிவிலக்கு கொடுத்த புராசஸ்தான் அடுத்த தாக்குதலின் இலக்கு.

எஸ்இலினக்ஸின் டைப் முறையால் பிபாவின் நோக்கத்தை அழகாக எழுத முடியும். "மெஷின் படிப்பான் மட்டும் மெஷின் பாக்கெட்டைத் தொடலாம்" என்று இரண்டு வரி. ஆனால் மேலே பார்த்தோமே, வயரில் பயணம் செய்யும் சிப்ஸோ டைப்பைத் தூக்கிப் போவதில்லை. நமக்கு வேண்டியது வீட்டோடு இருக்கிறது, நமக்கு வேண்டாதது ஊர் சுற்றுகிறது. சான்றிதழுக்காக எழுதிய வடிவமைப்பு என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

காவலாளி இருக்கிறார், கேட் இல்லை

அடுத்தது இயல்புநிலை அமைப்பு. எஸ்இலினக்ஸ் இயங்கும் ஒரு சர்வரில் செக்மார்க் விதி ஒன்றுகூட இல்லையென்றால், கர்னல் பாக்கெட் சோதனையையே செய்யாது. நெட்லேபிளும் லேபிள் ஒட்டிய ஐபிசெக்கும் அமைக்காவிட்டால் மறுமுனை சோதனையும் கிடையாது. எப்போதும் சோதி என்று சொல்ல பாலிசியில் ஒரு தனித் திறன் இருக்கிறது. அதை வேண்டுமென்று யாராவது போட வேண்டும். செயல்திறன் காரணமாக இப்படி வைத்தார்கள் என்பது புரிகிறது. ஆனால் "என்ஃபோர்சிங்" என்று திரையில் பார்க்கும் நிர்வாகிக்கு நெட்வொர்க் பக்கம் பாக்கெட் சோதனை எதுவும் நடக்கவில்லை என்று எங்கேயும் ஒரு வரி வராது.

நடப்பது என்ன? சாக்கெட் அளவில் ஒரு சோதனை உண்டு: இந்த புராசஸ் இந்தப் போர்ட்டைத் திறக்கலாமா, இந்தப் போர்ட்டுக்கு இணையலாமா என்று. பெரும்பாலோர் எஸ்இலினக்ஸை முதன்முதலில் சந்திப்பதே இங்கேதான். எஞ்சின்எக்ஸை முன்னால் வைத்து, பின்னால் 3000 போர்ட்டில் ஒரு நிரலை ஓட்டுவார்கள். 502 என்று வரும். பதிவேட்டில் அனுமதி மறுப்பு. வெப் சர்வர் தானாக வெளியே இணைப்பு போடக் கூடாது என்பது இயல்புநிலை. ஒரு பூலியனை மாற்றினால் முடிந்தது. ஆனால் தேடினால் முதலில் கிடைக்கும் பதில் "செட்என்ஃபோர்ஸ் 0". அந்த ஒரு கட்டளையோடு எல்லா லேபிளும் அலங்காரப் பொருளாகிவிடும். எங்கள் பக்கத்தில் நான் பார்த்த சிறு நிறுவன சர்வர்களில் பாதிக்கு மேல் இந்த நிலையில்தான் இருக்கின்றன. அமைத்துக் கொடுத்தவர் போய்விட்டார். ஜீரோ மட்டும் நிற்கிறது.

அப்படியானால் எதற்கும் உதவாதா?

உதவும். ஆனால் வரிசையை மாற்ற வேண்டும்.

சிறு நகரத்து நிறுவனங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் அமைப்பு ஒன்று: ஒரே லினக்ஸ் சர்வர், இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று மெஷின் பக்கம், ஒன்று ஆபீஸ் பக்கம். கேட்டால் "ரெண்டும் தனித்தனி நெட்வொர்க் சார்" என்பார்கள். தனித்தனிதான், இரண்டும் சந்திக்கிற இடம் இந்த சர்வர். வயர் என்ற லேபிள் இந்தப் பெட்டிக்குள் நுழைந்ததும் அழிந்துவிடுகிறது. செக்மார்க்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கார்டு வழியாக வரும் பாக்கெட்டுக்குக் கார்டின் பெயரிலேயே லேபிள். கணக்கெடுக்கும் நிரல் மட்டும் மெஷின் லேபிளைத் தொடலாம். பில் போடும் நிரலுக்கும் வெப் பக்கத்துக்கும் அனுமதி இல்லை. வெப் நிரல் உடைக்கப்பட்டு, உடைத்தவர் ரூட் ஆனாலும், அந்த டொமைனுக்குள் இருக்கும் வரை மெஷின் பக்கம் ஒரு பாக்கெட் போகாது. அழியும் லேபிளை அழியாமல் உள்ளே கொண்டுபோவது, அவ்வளவுதான் வேலை.

ஆபீஸ் கணினிகள் விண்டோஸ், மெஷின் கன்ட்ரோலர்கள் பேசுவது பழைய நெறிமுறை. சிப்ஸோ பேச அவற்றுக்குத் தெரியாது. இதற்கும் நெட்லேபிளில் வழி உண்டு: இந்தக் கார்டில் இந்த முகவரியிலிருந்து லேபிள் இல்லாமல் வந்தால் அதற்கு இந்த லேபிள் என்று நாமே எழுதி வைக்கலாம். என் பார்வையில் நெட்லேபிளின் மிக உபயோகமான பகுதி இதுதான். முகவரியைப் போலி செய்ய முடியும் என்பதால் கார்டையும் சேர்த்து எழுதுவது அவசியம்.

நம்முடைய இரண்டு லினக்ஸ் சர்வர்கள், இரண்டிலும் ஒரே பாலிசி, நடுவில் பொது இணையம் என்றால் லேபிள் ஒட்டிய ஐபிசெக் சரியான தேர்வு. ஒவ்வொரு லேபிளுக்கும் தனிக் குழாய் என்பதால் லேபிள்கள் கூடக் கூடக் குழாய்களும் பெருகும். இத்தனை வருடம் இதற்கு ஐகேஇ தரப்பில் பொதுவான தரமே இல்லாமல் இருந்தது. 2023-ல் பால் வோட்டர்ஸ், சஹானா பிரசாத் இருவரின் ஆர்எஃப்சி 9478 அந்தக் குறையைத் தீர்த்தது. 2006-ல் வந்த யோசனைக்கு 2023-ல் தரம். பதினேழு வருடம்.

இதில் எதுவும் கூடங்குளத்தில் நடந்ததைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அங்கே பாதிக்கப்பட்டது ஒரு பயனரின் கணினி. நிர்வாகி கணக்கின் பெயரோடு வந்த நிரல். சரியான ஆள், சரியான கணக்கு, சரியான லேபிள் என்று வந்தால் எந்த லேபிளும் தடுக்காது. மறுமுனைக் கர்னலே உடைந்திருந்தால் அது அனுப்பும் லேபிளுக்கு மதிப்பு பூஜ்யம். லேபிள் செய்வது எல்லைக்கோடு போடுவது. ஒரு புராசஸ் கெட்டால் சேதம் எதுவரை போகும் என்பதற்கு முன்கூட்டியே பதில் எழுதி வைப்பது. எய்ம்ஸ் மாதிரி ஐந்து சர்வரும் ஒன்றாக விழாமல் இருக்க அது உதவும்.

கூடவே ஒரு பலன். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி, சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஃபயர்வால் பதிவேடு எந்த முகவரி என்று சொல்லும். எஸ்இலினக்ஸ் மறுப்புப் பதிவு எந்த டொமைனில் ஓடிய புராசஸ், எந்த லேபிள் உள்ள பாக்கெட்டைத் தொடப் பார்த்தது என்று சொல்லும். 6 மணி நேரத்துக்குள் "எங்கே ஆரம்பித்தது" என்று பதில் தேடும் ஒரு சின்ன மில்லின் கணினி ஆளுக்கு, இந்த ஒரு வரி ராத்திரித் தூக்கத்தின் மதிப்பு.

கடைசியாக

இன்று குபர்நெட்டிஸ் உலகில் லேபிள் மீண்டும் வந்திருக்கிறது. சிலியம் மாதிரியான கருவிகள் கன்டெய்னர் கூட்டத்துக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, குழாய்த் தலைப்பில் அந்த எண்ணை அனுப்புகின்றன. யோசனை பழையது, பெயர் புதியது. ஆனால் அது பாட் அளவில் நிற்கிறது. பாட்டுக்குள் எந்த புராசஸ் என்று கேட்பதில்லை. பரவலாகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், அமைப்பவர் எழுதுவது "முன்பக்கம்", "டேட்டாபேஸ்" என்ற அவரது சொந்த வார்த்தைகளை. நிலை, வகை, விளக்கக் களம் என்று யாரும் அவரைப் படிக்கச் சொல்லவில்லை.

எஸ்இலினக்ஸ் நெட்வொர்க் லேபிள்களின் தோல்வி பாதுகாப்புத் தோல்வி இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பதில் வந்த தோல்வி. ரகசியக் கோப்பு வைத்திருக்கும் பென்டகனுக்காக எழுதினார்கள். ரகசியமே இல்லாத, ஆனால் கணக்கு தப்பினால் கூலி தப்பிப்போகும் ஒரு நெசவுக்கூடத்துக்கு அது பொருந்தவில்லை. பொருந்தும் பகுதிகள் உள்ளேயே கிடக்கின்றன, எடுத்துக் கொடுக்க ஆளில்லை. "எங்க நெட்வொர்க் தனி" என்று யாராவது சொன்னால் நான் இப்போது கேட்பது ஒரே கேள்வி: அந்த ரெண்டு வயரும் வந்து சேர்கிற பெட்டி எது, அதில் கெட்எண்ஃபோர்ஸ் அடித்தால் என்ன வருகிறது?

இரண்டு கார்டு சர்வருக்கான செக்மார்க் விதிகளையும், அதற்கு எழுதிய சின்ன பாலிசி மாட்யூலையும் அடுத்த பதிவில் வரி வரியாகப் போடுகிறேன். உங்கள் சர்வரில் வேறு மாதிரி செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள், சேர்த்துக்கொள்வோம்.